பதினேழாம் பெட்டி

"அன்னைக்கு நீ ஏன் பாப்பா என்னைய ஒண்ணுமே கேக்கல?"

பாவாடை பெரியப்பா இதை என்னிடம் கேட்டது சமுதாயக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவும் குழாயடியில். என் தோளில் சற்றுமுன் போர்த்திய பொன்னாடை இருந்தது. உள்ளே கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர் குரலில் கோபம் இல்லை. பஸ் போயிடுச்சா என்று கேட்பது போலத்தான் கேட்டார். குழாயைத் திருகி, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவினேன். அவர் தன் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பதில் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாய் திறக்கவில்லை. இந்த நோட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருப்பது, யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் இதிலாவது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குப் போகும் பஸ் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மேட்டு நிலம். மக்காச்சோளமும் பருத்தியும்தான். மூன்று வருடத்துக்குள் எங்கள் ஊரில் நான்கு பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். பயிருக்கு அடிக்கிற மருந்து வீட்டு மூலையிலேயே கையெட்டும் தூரத்தில் இருந்தது. கோபம் தணியவோ, அழுது முடிக்கவோ நேரம் கிடைக்கவில்லை. மூன்றாவதாகப் போனவர் எங்கள் மாதா கோவிலைச் சேர்ந்தவர். அவருக்குச் சாவு மணி அடிக்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மணி அடித்தார்கள், ஆனால் மெதுவாக அடித்தார்கள்.

நான்காவது சாவுக்குப் பிறகு திருச்சியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து கூட்டம் போட்டார்கள். பழைய ரேஷன் கடைக் கட்டடத்தைச் சுத்தம் செய்து அறுபது இரும்புப் பெட்டிகளைச் சுவரில் பொருத்தினார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி, அதற்கு ஒரு நம்பர். இனிமேல் யாரும் மருந்தை வீட்டில் வைப்பதில்லை, இங்கேதான் வைப்பது என்று ஊரே கையெழுத்துப் போட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பூட்டு. ஒரு சாவி பெட்டிக்காரரிடம், இன்னொன்று கிடங்கின் சாவிப் பலகையில். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

"பேங்க் லாக்கர் மாதிரியேதான்" என்றார் டீக்கடை வேணுகோபால் மாமா. "என்னா, அங்க நகைய வப்பானுங்க, நாம வெஷத்த வைக்கிறோம்."

மகளிர் குழுத் தலைவி பரிமளாக்காதான் கிடங்குக்குப் பொறுப்பு. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துவிட்டது அவர்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும், நான் வீட்டில் சும்மா இருக்கிறேன், இரண்டும் ஊருக்குத் தெரியும்.

சும்மா இருப்பதற்கு ஊரில் சொல்லும் காரணம் ஒன்று. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், வீட்டில் ஆளில்லை, அதனால் ஆனி ரோஸைப் பதினொன்றாவதோடு நிறுத்திவிட்டோம் என்று அப்பா சொல்வார். ஆபரேஷன் நடந்தது உண்மை. ஆனால் அது நான் நின்று நான்கு மாதம் கழித்து நடந்தது. பள்ளி ஆண்டு விழாவில் என்னை ஒரு கட்டுரை வாசிக்கச் சொல்லி மேடையேற்றினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றேன். குரல் வரவில்லை. காற்று மட்டும் மைக்கில் புஸ்ஸென்று வந்தது. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தவள் கவியா. பாவாடை பெரியப்பாவின் மகள். அடுத்த நாள் வயிற்று வலி என்று படுத்தேன். அதற்கடுத்த நாளும் படுத்தேன். அவ்வளவுதான்.

கிடங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பெரிய வேலை இல்லை. வருகிறவரை பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும். என்ன பயிர், என்ன பூச்சி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

"மூஞ்சியப் பாத்துக் கேளுடி" என்று பரிமளாக்கா முதல் நாளே சொன்னார். "குனிஞ்சிக்கிட்டு கேட்டீன்னா அது கேள்வி இல்ல. ரேஷன் கார்டு சரிபாக்குற மாதிரி. மனுசன் கண்ணு கலங்கியிருக்கான்னு பாக்கத்தான் உன்னைய இங்க ஒக்கார வச்சிருக்கு. மருந்தப் பாதுகாக்க இல்ல."

பெண்களிடம் கேட்டுவிடுவேன். ஆண்கள் வந்தால் தலை தானாகக் குனிந்துவிடும். அவர்களே "படைப்புழு, எழுதிக்க" என்று சொல்லிவிடுவார்கள். வேலை நடந்துவிடும்.

பாவாடை பெரியப்பாவின் மனைவி செங்கமலம் பெரியம்மா போன வருடம் இறந்தார். மஞ்சள் காமாலை. அதன்பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான். கவியா பெரம்பலூரில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். அவர் தானே பொங்கிச் சாப்பிட்டார், சில நாள் பொங்கவில்லை. சரியாகத் தூங்குவதில்லை என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொண்டார்களே தவிர, யாரும் போய்ப் பார்க்கவில்லை. நாங்களும் போகவில்லை, நான்கு வீடு தள்ளித்தான் இருக்கிறோம்.

மாசி மாதம் மாரியம்மன் திருவிழாவில் அவர் குடித்திருந்தார். நையாண்டி மேளம் போன பிறகு, தெருமுனை விளக்குக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றார். கம்பத்தைச் செங்கமலம் என்று நினைத்துவிட்டார். "செங்கமலம், பசிக்குதுடி. சோறு போடுடி. ஏண்டி பேச மாட்டேங்குற?" என்று கெஞ்சினார். யாரோ அதைப் படம் பிடித்து, பின்னால் ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்து, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் டீக்கடையில், "என்னா பாவாடை, கரண்டு போஸ்டு சோறு போட்டுச்சா?" என்று கேட்டார்களாம். "ஷாக்கடிச்சிருந்தா, கட்டுனவளேதான்னு நெனச்சிருப்ப" என்று இன்னொருவர் சொன்னாராம். அந்த வீடியோ பெரம்பலூர் ஹாஸ்டல் வரைக்கும் போய்விட்டது. கவியா போன் செய்து, இனிமேல் காலேஜ் பக்கம் வராதீங்க என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவர் டீக்கடைக்கே போகவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. இனி எழுதுவது எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன். மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். கவியாவின் அப்பா என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். சிரித்தேன். இரண்டாம் முறை இன்னும் அதிகமாகச் சிரித்தேன். பிறகு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் அந்த மஞ்சள் முகத்தை அதன் கீழே போட்டேன். ஏற்கெனவே நாற்பது முகங்கள் இருந்தன. என்னுடையது நாற்பத்தொன்று. பிறர் சிரித்ததால் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கிடங்குக்கு வந்தார்.

வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வாசலில் வரும்போதே தெரிந்தது, முகம் மழித்திருந்தார். முதுகில் ஸ்பிரேயர் டேங்க் இல்லை. பெஞ்சில் தானே உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு அவர் காலை மட்டும் நான் பார்த்தேன். நகத்தில் மண் இல்லை. காட்டுக்குப் போகிற கால் இல்லை அது. நான் தண்ணீர் மொள்ள எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்ற முகம்தான் தெரியும், என் உதடு கோணிவிடுமோ என்று பயம். சிரித்தவள் இவள் என்று அவர் என் முகத்தில் படித்துவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம்.

அவர் சீக்கிரம் கேட்கவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை இருமினார். சுவரில் எழுதியிருந்த 104 என்ற உதவி நம்பரைப் படித்தார், வாய்விட்டே படித்தார். பிறகுதான், "பாப்பா, பதினேழு" என்றார்.

பலகையிலிருந்து பதினேழாம் சாவியை எடுத்தேன். என் பூட்டை நான் திறந்தேன். அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியால் அவருடைய பூட்டைத் திறந்தார். பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டார். அப்புறமும் நின்றார்.

"எழுதிக்கிட்டியா?" என்றார்.

"ம்" என்றேன்.

அவர் போனதும் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். பயிர், பூச்சி என்ற கட்டங்கள் காலியாக இருந்தன. காலியாக விட்டால் பரிமளாக்கா கேட்பார். நானே மக்காச்சோளம், படைப்புழு என்று எழுதினேன். வீட்டில் யார் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பிறகு பையில் கொண்டுபோயிருந்த இந்த நோட்டை எடுத்து, "வெள்ளைச் சட்டை. டேங்க் இல்லை. காலில் மண் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்" என்று எழுதினேன். முன்பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டதையெல்லாம் உட்கார்ந்து எழுத எனக்கு நேரம் இருந்தது. எழுந்து வாசலுக்குப் போய் ஒரு குரல் கூப்பிட மட்டும் நேரம் இல்லை.

பத்து மணி வாக்கில் பரிமளாக்கா வந்தார். நின்றபடியே ரிஜிஸ்டரைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏண்டி, பாவாடையண்ணன் காட்டுல ஏது சோளம்? அறுத்து ஒரு மாசம் ஆவுதே."

நான் அவரைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, ரிஜிஸ்டரைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். ஓடிக்கொண்டே போன் போட்டார். வேணுகோபால் மாமாவின் பைக் சத்தம் கேட்டது. நான் கிடங்கிலேயே நின்றேன். பதினேழாம் சாவி என் கையில் இருந்தது.

அவர் தன் காட்டில், மோட்டார் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தாராம். பாட்டில் பக்கத்தில் இருந்திருக்கிறது. மூடி திறக்கவில்லை. வேணுகோபால் மாமா அதை எடுத்துப் பரிமளாக்காவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். பின்னாலேயே வந்த ஐந்தாறு பேரும் அறுத்த சோளத் தட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார்களாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "வெயிலு ஏறுது பாவாடை, வா, ஒரு டீ குடிக்கலாம்" என்று வேணுகோபால் மாமா சொல்ல, எழுந்து வந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலமே பரிமளாக்கா அவரை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மனநல டாக்டர் பேசினார், மாத்திரை கொடுத்தார், தனியாக விடாதீர்கள் என்றார். ஊர் கூடி வீடுகளுக்கு முறை போட்டது. தினமும் ஒரு வீடு சாப்பாடு கொண்டுபோக வேண்டும், ஓர் ஆம்பளை சாயங்காலம் போய்ப் பேச்சுத்துணைக்கு உட்கார வேண்டும். காலையில் எழுப்பி டீக்கடைக்குக் கூட்டிவருவது வேணுகோபால் மாமா பொறுப்பு.

ஊர் செய்தது கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. கத்தரிக்காய் மலிந்திருந்த நேரம். தொடர்ந்து நான்கு நாள் நான்கு வீட்டிலிருந்தும் கத்தரிக்காய்க் குழம்பு போனது. நான்காவது நாள் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "கத்திரிக்காயாலயே என்னைய சாவடிச்சிருவீங்க போலருக்கே" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். அவர்தான் முதலில் சிரித்தார். அப்பா அன்று அங்கே இருந்தார். வந்து சொன்னபோது அம்மா அடுப்பில் இருந்த கத்தரிக்காயை இறக்கிவிட்டு முட்டை வேகவைத்தாள்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. சாவி. பாட்டில் மறுபடியும் பதினேழாம் பெட்டிக்குப் போய்விட்டது. அவருடைய சாவியைக் கொஞ்ச நாளைக்குக் கொடுத்துவைக்கச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள்.

"ஊருல எல்லாருகிட்டயும் ஒரு சாவி இருக்கு. எனக்கு மட்டும் இல்லன்னா, நான் பைத்தியம்னு எழுதி நெத்தியில ஒட்டிக்கவா?" என்றார்.

"பைத்தியம்னு யாருண்ணே சொன்னா? அது உன்கிட்ட இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரலண்ணே" என்றார் பரிமளாக்கா.

"அப்ப நீயும் டாக்டர்கிட்ட மாத்திர வாங்கிக்க."

வேறு கடையில் புதிதாக ஒரு பாட்டில் வாங்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சாவியையே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. இருக்கிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தால் சொன்ன மாதிரி. அது அவர் அரைஞாணில் தொங்கும்வரை, விடிந்ததும் அவர் வீட்டுக் கதவு திறக்கிறதா என்று தெருவே எட்டிப் பார்த்தது.

இதற்கு நடுவில்தான் என்னைப் பாராட்டத் தொடங்கினார்கள்.

பரிமளாக்காவுக்கு ஒரு முடிவு வந்திருந்தது. சோளம் இல்லாத காட்டுக்குச் சோளம் என்று நான் வேண்டுமென்றே எழுதினேனாம். "இந்தப் புள்ளைக்குப் பேசத்தான் வராது. நான் பாத்தா புரிஞ்சிக்குவேன்னு எழுதி வச்சிருக்கு பாருங்க. பெரிய மனுசன எதுத்துக் கேக்க முடியுமா, அதான் எழுத்துல போட்டுக் குடுத்துருக்கு" என்று டீக்கடையில், கோவில் வாசலில், பஸ்ஸில் என்று எல்லா இடத்திலும் சொன்னார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு எப்போதும் வராதது. அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசைக்குப் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு அப்பா என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இப்போது பேசினார். அதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது.

திருச்சிக்காரர்கள் வந்து சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நல்லவேளை, பேசச் சொல்லவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் பாவாடை பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தடவை தட்டினார். பயிர், பூச்சி, வீட்டில் யார் என்றுகூட நான் கேட்கவில்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ஊரிடம் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குழாயடியில் தனியாகத்தான் கேட்டார்.

அதன்பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னாடையை டிரங்குப் பெட்டியின் அடியில், ஆபரேஷன் சீட்டுகளுக்குக் கீழே வைத்தேன். முறை போட்டிருந்த வீடுகளில் சில நழுவத் தொடங்கியிருந்தன. ஒருவருக்கு மகள் வளைகாப்பு, ஒருவருக்குப் பருத்தி எடுப்பு. பரிமளாக்கா வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டார். "ஒரு மாசத்துல சலிச்சுப் போச்சா? அவரு நல்லாயிட்டாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

ஐந்தாம் நாள் காலை. கிடங்கைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

வெள்ளைச் சட்டை. மழித்த முகம். டேங்க் இல்லை.

வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை உடனே சொன்னார்.

"பதினேழு, பாப்பா."

என் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. பலகையில் பதினேழாம் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு ஓடிப் பரிமளாக்காவைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டேன். பாதி அவர் வேட்டியில் சிந்தியது. அவர் வாங்கிக் குடித்தார். நான் நின்றேன். குனிந்துதான் நின்றேன். ஆண்டு விழா மேடையில் நின்றது போலவே இருந்தது.

கேட்க வேண்டியது வேறு. வாயில் வந்தது வேறு.

"பெரியப்பா, நான் சிரிச்சேன்."

"என்னாது?"

"அந்த வீடியோவ. மூணு தடவ பாத்தேன். சிரிச்சேன். குரூப்புல சிரிக்கிற மொகம் போட்டேன். அதான் அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாக்க முடியல. அதான் கேக்கல. எனக்குத் தெரிஞ்சுது பெரியப்பா. டேங்கு இல்லன்னு பாத்தேன். தெரிஞ்சும் கேக்கல. சோளம்னு நானாதான் எழுதுனேன். காலியா இருந்தா திட்டுவாங்கன்னு எழுதுனேன். பரிமளாக்கா சொல்ற மாதிரி எதுவும் இல்ல."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும் காது இரண்டும் எரிந்தன. அவர் சொம்பைப் பெஞ்சில் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"பேரு வருதுல்ல, யாரு யாரு சிரிச்சாங்கன்னு. அமுக்கிப் பாத்தா வரிசையா வருது. நாப்பத்தி ஆறு பேரு. ஒவ்வொண்ணா படிச்சேன். வேணுகோபாலு இருந்தான். பரிமளா இருந்தா. உன் பேரும் இருந்துச்சு." சொம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இப்ப எனக்குச் சோறு கொண்டாறவங்க முக்காவாசிப் பேரு அதுல இருக்காங்க. நல்ல சோறுதான், கொற சொல்லக் கூடாது. போட்டதத் தின்னுட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒருத்தர்கூட வாயத் தொறக்கல. எல்லாம் மழையப் பத்திப் பேசுறாங்க. பங்குனியில ஏதுடா மழ."

மன்னிச்சிடுங்க என்று சொல்லியிருக்கலாம். அது தோன்றவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்ற முகம் இல்லை அது. மழிக்கும்போது தாடைக்குக் கீழே ஓரிடம் விட்டுப்போயிருந்தது, நான்கைந்து வெள்ளை முடி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இதைப் பார்க்கத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

"பெரியப்பா, சாவணும்னு தோணுதா ஒங்களுக்கு?"

கேட்டுவிட்டேன். கேட்டதும், இப்படி நேராகவா கேட்பார்கள் என்று கூசியது. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டே யோசித்தார். யாரும் இதுவரை கேட்காத கணக்கை மனதுக்குள் போடுகிறவர் போல இருந்தார்.

"ராத்திரிக்குத் தோணும். தெனமும் இல்ல. மாத்திர போட்டா தூக்கம் வருது இப்ப. விடிகாலைல முழிச்சா கொஞ்ச நேரம் மோசமா இருக்கும். அப்புறம் அந்த வேணுகோபாலு வந்து பைக்க வாசல்ல நிறுத்திட்டு ஆரன் அடிப்பான் பாரு. எழுந்திரிக்கலன்னா வுடமாட்டான். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே எழுந்திரிச்சிருவேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஆஸ்பத்திரி. பரிமளா கூட வரா. அதான் வெள்ளச் சட்ட." கீழே குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். "அன்னைக்கும் இதத்தான் போட்டிருந்தேன். இருக்கறதே ஒண்ணுதான் நல்லதா. அன்னைக்கு இங்க ஒக்காந்து, இந்தப் புள்ள கேட்டா வூட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேன் பாப்பா. வூட்ல யாருன்னு கேப்பீல்ல. அதக் கேட்டா அழுதுருவேன், அழுதா போயிரலாம்னு இருந்தேன்."

நான் அழுதுவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேற்றியிருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

வெளியே ரோட்டுப் பக்கம் பரிமளாக்காவின் குரல் கேட்டது. "பாவாடையண்ணே, ஒம்பதே கால் பஸ்ஸுண்ணே. அங்க என்னாண்ணே பண்ற?" அந்தக் குரலில் பயம் இருந்தது. அவர் கிடங்குக்குள் இருப்பது தெரிந்துவிட்டது போல. சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்தேன். தேதி போட்டேன். பதினேழு என்று எழுதினேன். பயிர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"என்னன்னு எழுதட்டும் பெரியப்பா?"

அவர் எழுந்தார். சட்டையைத் தூக்கி அரைஞாணைத் தேடினார். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்தார். சாவியை எடுத்து, திறந்திருந்த ரிஜிஸ்டரின் மேல், அவர் வரியில் காலியாக இருந்த பயிர்க் கட்டத்தின் மேல் வைத்தார். சாவியில் உடம்புச் சூடு இருந்தது.

வாசலில் பரிமளாக்கா மூச்சிரைக்க வந்து நின்றார். ரிஜிஸ்டரின் மேல் இருந்த சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்த விதத்திலேயே, இதையும் என் கெட்டிக்காரத்தனத்தில் சேர்த்து ஊர் முழுக்கச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. இந்தத் தடவையாவது இல்லை என்று சொல்ல வேண்டும். பரிமளாக்காவின் பெயரும் அந்த நாற்பத்தாறில் இருந்ததைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவைப் பார்த்தேன், அவர் ஏதாவது சொல்வாரா என்று. ஊரில் யார் எங்கே கிளம்பினாலும் போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள்.

அவர் பரிமளாக்காவைத் தாண்டிப் படியிறங்கி, ஒன்றும் சொல்லாமல், பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தார்.